கிணற்று நீரும் கண்ணாடித் தொட்டி மீன்களும்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்கப் புகுவோர் கடைக்காரரிடம் முதலிற் கேட்பது, எந்த மீன் அழகானது என்பதே. சிலர் சற்று முன்சென்று, எந்த மீன் எந்த மீனோடு சண்டையின்றி வாழும் என்றும் வினவுவர். இரண்டும் நல்ல வினாக்களே. ஆயின் இவற்றிற்கு முன்னர் எழவேண்டிய வினா ஒன்றுண்டு. அது கடைக்காரரிடம் கேட்கவேண்டியதன்று. வீட்டுக் கிணற்றிடம் கேட்கவேண்டியது. தொட்டியை நிரப்பப்போகும் நீர் எத்தகையது என்பதே அவ்வினா. அதற்கு விடை காணாமல் வாங்கப்படும் மீன்கள் ஒன்றோடொன்று எத்துணை இணக்கமாயிருப்பினும், ஒரே கிழமையில் ஒன்றன்பின் ஒன்றாக மேலே மிதப்பதைச் சிறுவர்கள் பார்க்க நேரும்.

இதனை விளக்குதற்கு மன்னார்த் தீவைவிடச் சிறந்த இடம் கிடைப்பது அரிது. நீண்டு ஒடுங்கிய அம்மணற்றீவின் ஊர்களுள் ஒன்றாகிய தாராபுரத்தில், ஒரு வீட்டு முன்னறையில், இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட தொட்டி ஒன்று வைக்கப்படுகின்றது என்று வைத்துக்கொள்ளலாம். மேலே இரண்டங்குலம் விட்டு நீர் நிரப்பினால் ஏறத்தாழ 47 லீற்றர் கொள்ளும். அடியிற் பரப்பும் கல்லும் நடும் செடியும் இதிற் சிறிது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வீட்டுத் தொட்டிகளில் இது சிறியதுமன்று, பெரியதுமன்று. இனி, இதனை நிரப்ப நீர் வேண்டும். நீர் கிணற்றிலிருந்து வரும்.

அக்கிணற்று நீரின் வரலாறு சுவையானது. மன்னார்த் தீவிற் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில், வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. அம்மழைநீர் மணலில் இறங்கி, கீழே நாற்புறமும் ஊடுருவி நிற்கும் கடல்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்நீர் கனத்தது, மழைநீர் இலேசானது. ஆதலின் நன்னீர், நடுவிற் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் உள்ள ஒரு வில்லையைப்போல மணலுக்குள் அமைந்திருக்கும். கடல் மட்டத்துக்குமேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் நூலார் கண்ட கணக்கு. இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். மேலே ஓரடி குறைந்தால், கீழிருந்து கடல்நீர் 40 அடி ஏறிவிடும். மழை நின்று, சோளகக் காற்று வீசி, இறைப்பும் மிகும் ஆவணி புரட்டாதி மாதங்களிற் கரையோரக் கிணறுகள் உவர்ப்பதன் காரணம் இதுவே. ஒரே கிணறு மார்கழியில் ஒரு நீரையும் ஆவணியில் வேறு நீரையும் தருகின்றது.

உவர்ப்பு நாவுக்குத் தெரியும். நாவுக்குத் தெரியாத குணம் மற்றொன்று உண்டு. அதனை வன்மை என்பர். கடல்மணலிற் கலந்துள்ள சிப்பித்தூளும் சுண்ணமும் மழைநீரிற் சிறிது சிறிதாகக் கரைந்து, கல்சியம், மகனீசியம் ஆகியவற்றின் உப்புக்களை நீரிற் சேர்க்கின்றன. இத்தகைய நீர் வன்னீர். அவை இல்லாத மழைநீரும் மலைநாட்டு ஓடைநீரும் மென்னீர். கேத்தலின் உட்புறத்தில் வெண்மையாகப் படியும் பொருக்கைக் கண்டவர் எவரும் வன்னீரை அறிந்தவரே. சோதிக்கவும் எளிய வழியுண்டு. ஒரே அளவான இரு போத்தல்களில் ஒன்றிற் பிடித்துவைத்த மழைநீரையும் மற்றதிற் கிணற்று நீரையும் பாதிவரை ஊற்றிக்கொள்ளவேண்டும். மழைநீரிற் கரைத்த சவர்க்காரத்தை இரண்டிலும் துளித்துளியாக விட்டுக் குலுக்கினால், மழைநீர் சில துளிகளிலேயே நுரைத்து நிற்கும். கிணற்று நீர் பல துளிகளை விழுங்கிய பின்னரும் பால்போல் வெளுத்துக் கலங்குமேயன்றி நுரைக்காது. எத்தனை மடங்கு துளிகள் வேண்டியிருந்தன என்பதே அக்கிணற்றின் வன்மைக்கு ஒரு மட்டான அளவு. மீன் விற்கும் கடைகளிற் கிடைக்கும் சோதனைத் தாள்கள் இதனை இன்னும் திருத்தமாகக் காட்டும்.

இந்த வேறுபாடு மீனுக்கு ஏன் இத்துணை முக்கியமாகின்றது? நன்னீர் மீனின் குருதியில் உள்ள உப்பு, அதனைச் சூழ்ந்த நீரில் உள்ளதைவிட மிகுதி. ஆகவே நீர் அதன் செவுள்களின் மெல்லிய தோலினூடாக ஓயாமல் உடலுக்குட் புகுந்தவண்ணமிருக்கும். புகுந்த நீரைச் சிறுநீரகம் ஓயாமல் வெளியேற்றும். அதனோடு கழியும் உப்பைச் செவுள்கள் மீண்டும் நீரிலிருந்து ஈட்டும். மீன் சும்மா நிற்பதுபோலத் தோன்றும் வேளையிலும் இவ்வேலை நடந்துகொண்டேயிருக்கின்றது. மென்னீரிற் பன்னெடுங்காலம் வாழ்ந்த இனத்தின் உடல் மென்னீருக்கென்றும், வன்னீரில் வாழ்ந்த இனத்தின் உடல் வன்னீருக்கென்றும் பழகிவிட்டது. ஒன்றை மற்றதன் நீரில் இட்டால் உடனே இறந்துவிடும் என்பதில்லை. உண்ணும், நீந்தும், ஆனால் நிறம் மங்கும், முட்டைகள் பொரியா, சிறு நோய்க்கும் இடங்கொடுக்கும். வளர்ப்பவர் நோயைக் கண்டு மருந்து தேடுவார். நோயின் வேர் தொட்டி நீரிலேயே இருக்கும்.

இங்கே பலருக்கும் வியப்பூட்டும் செய்தி ஒன்றுண்டு. இலங்கைக்கே உரிய அழகு மீன்களுட் புகழ்பெற்றது, செர்ரிப் பழத்தின் செம்மையுடைய சிறு கெண்டை. இரண்டங்குலம் அளவே வளர்வது, சாந்தமானது. பிற்காலத்தில் அரும்பொருட்சாலைகளின் பணிப்பாளராக விளங்கிய பி. இ. பி. தெரணியகல 1929ஆம் ஆண்டில் இதனை உலகுக்கு விவரித்தார். இன்று இது பல நாடுகளின் வீட்டுத் தொட்டிகளிற் காணப்படுகின்றது. இதனோடு ஒருங்கு எண்ணத்தக்கது, ஆண் மீன் கருமையும் மாணிக்கச் செம்மையும் கலந்து ஒளிரும் மற்றொரு கெண்டை. மீன் வணிகர் அதனை 'பிளக் ரூபி' என்பர். இவை நம் நாட்டு மீன்கள். ஆதலின் மன்னாரின் நீருக்கு இவையே ஏற்றவை என்று எண்ணுவது இயல்பு. ஆனால் இவற்றின் தாயகம் தென்மேற்கின் ஈரவலயம். மரநிழல் மூடிய, இலைச்சருகு படிந்த, சுண்ணமும் உவர்ப்பும் அறியாத ஓடைகளிலே பிறந்தவை. களனி கங்கையின் நிழலோடைக்கும் மன்னாரின் மணற்கிணற்றுக்கும் இடையே தரைவழி ஒரு நாட்பயணமே; நீர்வழியிலோ அவை இரு வேறு உலகங்கள். பண்ணையிற் பிறந்த செர்ரிக் கெண்டை ஓரளவு வன்மையைத் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் ஆவணி மாதத்து உவர்ப்பை அதன் தலையிற் சுமத்துவது நியாயமன்று.

இதற்கு மாறாக, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், மெக்சிக்கோவிலும் அதனை அடுத்த நாடுகளிலும் பிறந்த மொலி, பிளற்றி என்னும் மீன்கள் தாராபுரத்து நீரைக் கண்டு அயிர்ப்பதில்லை. மொலியின் முன்னோர் கடலோரக் கழிமுகங்களிலும் வாழ்ந்தவை. சிறிது உவர்ப்பு அதற்கு ஊறன்று, உவப்பே. திரினிடாட் தீவிலும் தென் அமெரிக்காவின் வடகரையிலும் தோன்றிய கப்பியும் இத்தகையதே. இவை மூன்றும் முட்டையிடாது குஞ்சாகவே ஈனும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மீனுக்கு நாட்டுரிமை ஆளும் அரசைக்கொண்டு வருவதன்று, நீரைக்கொண்டு வருவது.

கப்பியைப் பற்றி மன்னார் மக்களுக்கு எடுத்துரைக்கவேண்டிய தேவையும் இல்லை. கிணற்றில் வாளிக் கயிறோடும் சக்கரத்துக்கும் கப்பி என்றே பெயர். திரினிடாட்டில் வாழ்ந்த கப்பி என்னும் பெரியாரின் பெயரைத் தாங்கிய இம்மீனும் இப்போது அதே கிணற்றிற்குள் வாழ்கின்றது. அது வந்த வகை இது. 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே, இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு, இலங்கையில் முதன்முறையாக மன்னாரிற் காணப்பட்டது. அந்நுளம்பு சேற்றுக் குட்டைகளை நாடுவதைவிடக் கிணறுகளையும் நீர்த்தொட்டிகளையும் நாடுவது. மலேரியா ஒழிப்பு இயக்கத்தினர் அதன் கூத்தம்பிகளை உண்பதற்காகக் கிணறுகளிற் கப்பி மீனை விட்டனர். இம்மீன் தீவின் நீருக்கு ஏற்றதோ என்னும் ஐயத்துக்கு இதனினும் தெளிவான விடை வேண்டுவதில்லை. ஆனால் தொட்டிக்கென்று கிணற்று மீனை அள்ளிக்கொண்டு வருவது தகாது. அது அங்கே கடமையில் இருக்கின்றது. வண்ண வாலுடைய கப்பிகள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன.

நீருக்கு ஏற்ற குடும்பம் தெரிந்தபின், தொட்டிக்குட் குடியமர்த்தும் கணக்கு கடினமானதன்று. முற்கூறிய இரண்டடித் தொட்டிக்கு ஆண் கப்பிகள் ஆறும், பிளற்றிகள் ஐந்தும் போதும். பிளற்றிகளில் ஆண் இரண்டு, பெண் மூன்று என்றிருத்தல் நன்று. ஆண் மிகின் பெண் மீன்களைத் துரத்தித் துரத்தியே மெலிவித்துவிடும். மொலியை விரும்புவோர் பிளற்றிக்குப் பதிலாக ஓர் ஆணும் இரு பெண்களுமாக மூன்று மொலிகளை விடலாம்; மொலி பெருத்து வளர்வது, பாசியையும் கீரையையும் விரும்பி உண்பது. கப்பியில் ஆணை மட்டும் கொள்ளச் சொல்வதற்குக் காரணமுண்டு. பெண் கப்பி ஏறத்தாழ நான்கு வாரங்களுக்கு ஒருமுறை குஞ்சு ஈனும். ஆணின் வித்தை மாதக்கணக்காக உடலிற் சேமித்துவைக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஆகவே ஆணே இல்லாத தொட்டியில் தனியொரு பெண்ணை விட்டாலும் குஞ்சுகள் தோன்றக்கூடும். அரை ஆண்டில் அந்த 47 லீற்றரும் சந்தை நாளின் பேருந்துபோல் ஆகிவிடும். பிளற்றியும் பெருகுமே எனின், பெருகும். அதன் குஞ்சுகளுட் பலவற்றை மூத்த மீன்களே உண்டுவிடும். செடிகள் அடர்ந்திருப்பின் சில தப்பும்.

இக்குடும்பத்தில் வாள்வால் மீன் என்பதும் ஒன்று. அதுவும் வன்னீருக்கு ஏற்றதே. எனினும் நான்கங்குலம்வரை வளர்ந்து, விரைந்து நீந்தி, ஆண்கள் தம்முட் பொருவதாலும், மூடியற்ற தொட்டியினின்று துள்ளி விழுவதாலும், மூன்றடிக்குக் குறைந்த தொட்டியில் அதனை விடாதிருத்தலே நலம். வாள்வாலும் பிளற்றியும் எளிதிற் கலந்து ஈனும். அக்கலப்புக் குஞ்சுகளிற் தோன்றும் கரும்புள்ளிக் கட்டிகள், சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்பட்டன என்பது இடையே சொல்லத்தக்க செய்தி.

கடையில் அழகாகத் தோன்றிக் கையை ஈர்க்கும் வேறு சில மீன்களை இத்தொட்டிக்கு விலக்கவேண்டும். நியோன் என்னும் நீலக் கோட்டு மீன் அமேசன் காட்டின் மென்னீருக்குரியது. அதனைப் பற்றி மேலும் பேசவேண்டியதில்லை. வரிப்புலிபோன்ற கோடுகளுடைய புலிக் கெண்டை, கப்பியின் நீண்ட வாலைக் கண்டால் கடியாது விடாது. சீயத்துப் போர்மீன் தன் இனத்து ஆணோடு மட்டுமே பொரும் என்பர். ஆனால் விரிந்த வாலுடைய ஆண் கப்பியையும் தன் பகைவனென மயங்கித் தாக்கும். தேவதை மீன் வளர்ந்ததும், வாய்க்குள் அடங்கும் எதனையும் உணவென்றே கருதும். ஒரு மீனின் வாய்க்குள் மற்றொரு மீன் புகுமாயின், அவ்விரண்டும் கூடிவாழும் என்று எந்தக் கடைக்காரர் உறுதிகூறினும் நம்புதற்கில்லை.

பொன்மீனைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஏனெனில் தொட்டி என்றதும் பலரும் நினைப்பது அதனையே. சீனத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே வளர்ப்பு மீனாகிய இதற்கு வன்னீர் பகையன்று. வெப்பமே பகை. 25 பாகை வெப்பமுள்ள ஒரு லீற்றர் நீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் அது ஏழரையாகக் குறையும். மன்னாரின் கோடையில் மூடிய அறையிலுள்ள தொட்டி 30 பாகையை எளிதில் எட்டும். குளிர்ந்த நீரை விரும்பும் பொன்மீன், குறைந்த ஒட்சிசனில், தன் பெருத்த உடலோடும் பெருந்தீனியோடும் கழிவோடும் மூச்சுத் திணறி மேலே வந்து வாய்பிளந்து நிற்கும். கண்ணாடிக் கோளத்தில் ஒற்றைப் பொன்மீனை அடைத்துவைக்கும் வழக்கம் படங்களிற் பார்ப்பதற்கு இனிது. மீனுக்கு அது கொடுமை.

கழிவு என்றதனால், வன்னீருக்குரிய ஓர் ஆபத்தையும் கூறவேண்டியிருக்கின்றது. மீனின் கழிவிலிருந்து அமோனியா தோன்றுகின்றது. அடிக்கல்லிலும் வடிகட்டியிலும் தங்கி வாழும் பற்றீரியாக்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இப்பற்றீரியாக்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அமோனியா நீரில் இரு வடிவங்களில் இருக்கும். ஒன்று பெரிதும் தீங்கற்றது, மற்றது நஞ்சு. நீரின் காரத்தன்மை, பி.எச். அளவையில் 7இலிருந்து 8க்கு ஏறினால், நஞ்சு வடிவின் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். வெப்பம் அதனை இன்னும் மிகுவிக்கும். சுண்ணங் கரைந்த நீர் பெரும்பாலும் காரமுடையது. ஆகவே மலைநாட்டு வீடொன்றில் மன்னிக்கப்படும் நெருக்கடி, தாராபுரத்தில் மன்னிக்கப்படுவதில்லை. முதலில் இரண்டு அல்லது மூன்று பிளற்றிகளை மட்டும் விட்டு, ஒரு மாதம் பொறுத்து, பின்னர் ஏனையவற்றைச் சேர்ப்பதே முறை. உணவு, மூன்று நிமிடங்களில் உண்டு முடிக்கும் அளவுக்கு மேற்படலாகாது. சிறுவர்க்கு மீன் உண்பதைக் காண்பதில் உள்ள ஆசை பெரிது. தீன் டப்பாவைச் சற்று உயரத்தில் வைப்பது பயன்தரும்.

நீரைப் பேணும் வகையில் மழைநீருக்கு ஒரு தனியிடம் உண்டு. சோளகக் காற்றில் தொட்டி நீர் நாளும் வற்றும். வற்றுவது நீர் மட்டுமே. சுண்ணமும் உப்பும் உள்ளேயே தங்கிவிடும். குறைந்த இடத்தைக் கிணற்று நீரால் நிரப்பிக்கொண்டே வந்தால், சில மாதங்களிற் தொட்டி நீர் கிணற்றைவிட உவர்ப்பாகும். ஆதலால் மாரியிற் பீலி வழியே வரும் நீரை, கூரையின் தூசு கழுவிப்போக முதல் மழையை விட்டு, மூடிய பாத்திரத்திற் சேமித்துவைத்து, வற்றிய அளவுக்கு அதனையே வார்க்கவேண்டும். வாரந்தோறும் ஐந்திலொரு பங்கு நீரை அகற்றிப் புதுநீர் மாற்றும்போது கிணற்று நீரையே கொள்ளலாம். கிணறு மிக உவர்க்கும் மாதங்களில் அதனோடு பாதி மழைநீர் கலக்கவேண்டும். குழாய் நீராயின் ஒருநாள் முழுதும் திறந்த வாளியில் வைத்துக் குளோரின் நீங்கியபின் ஊற்றுவது நன்று. எதனையும் ஒரே நாளிற் பெரிதாக மாற்றலாகாது. மார்கழி நீரைச் சுவைத்துப் பார்த்து மீன் வாங்குபவர் ஆவணியில் இழப்பர். தொட்டிக்குரிய மீனை ஆவணி நீரைக்கொண்டே தெரிதல் வேண்டும்.

கொழும்புப் பக்கத்துப் பண்ணையிலிருந்து வரும் கப்பியும் மொலியும் பெரும்பாலும் மென்னீரில் வளர்க்கப்பட்டவையாயிருக்கும். இனத்தால் அவை வன்னீருக்குரியவையாயினும், அவ்வொரு மீன் வன்னீரை முன்பின் கண்டிராது. பையோடு தொட்டி நீரிற் கால்மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, பின்னர் மீனைப் பை நீரோடு ஒரு பாத்திரத்தில் இட்டு, தொட்டி நீரைக் கிண்ணங் கிண்ணமாக ஒரு மணி நேரத்துக்குக் குறையாமற் சேர்த்துவர வேண்டும். இறுதியில் மீனை மட்டும் வலையால் எடுத்துத் தொட்டியில் விட்டு, பை நீரை மண்ணிற் கொட்டிவிடலாம்.

பெருகிய மீன்களையும் வேண்டாத மீன்களையும் என்செய்வது என்ற வினா எஞ்சுகின்றது. பாசியைத் தின்னும் என்று இரண்டங்குல அளவில் விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளிறு, ஓரடிக்கு மேல் வளரும். தொட்டி போதாமற் போனதும் அதனை ஆற்றிலோ குளத்திலோ விட்டவர் பலர். இன்று அது இலங்கையின் நீர்நிலைகளிற் பரவிய அந்நிய மீன்களுள் ஒன்று. கொழும்பை அடுத்த பொல்கொடை ஏரியிற் பெருகியுள்ள கத்திமீனும் தொட்டிகளிலிருந்து சென்றதே. அது பிற மீன்களை உண்பது. கட்டுக்கரைக்குளத்திலும் அருவியாற்றிலும் அவ்வாறு நேரவேண்டியதில்லை. ஊர்க் கிணற்றில் விடுவது இன்னும் பிழை: புதிய மீன் கொண்டுவரும் நோயாலோ, அதன் பெரிய வாயாலோ அங்குள்ள கப்பிகள் அழிந்தால், அக்கிணற்றில் நுளம்புக் கூத்தம்பிகளை உண்ண எதுவும் இராது. மிகுந்த குஞ்சுகளை அயல்வீட்டுத் தொட்டிக்கோ, வாங்கிய கடைக்கோ கொடுத்துவிடலாம். பண்டமாற்றாக ஒரு கொத்து நீர்ச்செடி கிடைத்தாலும் கிடைக்கும்.